ஜெபவீட்டு வாசலில் வேப்பிலை

வடிவம்மாளைப் பற்றி எழுத உனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். யோக்கியதை உள்ளவர்கள் யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் அவள் ஆயாவாக இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் பதினாறு வருஷம் டிரெசராக இருந்தேன். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆள். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்கு வெந்நீர் வை என்று அதட்டல், எல்லாமே நான்தான். பெயர் சிங்காரம். ஆளைப் பார்த்தால் பெயர் பொருந்தாது.

தாய்மார் கொழுந்து எடுக்க மலை ஏறிய பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஆயாக்கொட்டகை என்று பெயர். காலை ஆறு மணிக்கு முன்பே, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனியில், சாரோங் துணியில் சுற்றிய பிள்ளைகளைக் கொண்டுவந்து வடிவம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். உத்தரத்திலிருந்து பத்தொன்பது ஸ்பிரிங் தொட்டில்கள் தொங்கும். பிள்ளையைத் தொடுவதற்கு முன் அவள் பால் சட்டியில் இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். குளிர்ந்த கை பட்டால் தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பாள். உச்சந்தலையை முகர்ந்து பார்த்து, "இவனுக்கு நாளைக்குக் காய்ச்சல் வரும் டிரெசர் ஐயா" என்பாள். என் தெர்மாமீட்டர் மறுநாள் அதையே சொல்லும். எனக்கு ரோஷமாக இருக்கும்.

அவள் வேதக்காரி. எங்கள் பிரிவில் அறுபது குடும்பம். அதில் ஆறு கிறிஸ்தவக் குடும்பம். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான பழைய லயத்தின் கடைசி இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து ஜெபவீடாக ஆக்கியிருந்தார்கள். போதகர் கீழே சமவெளி ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் வடிவம்மாள்தான் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, வேதம் வாசித்து, ஜெபம் செய்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். அவள் புருஷன் மாடசாமி காடு வெட்டும்போது மரம் விழுந்து செத்துப் போனான். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பிள்ளை இல்லை. அந்தக் காலத்துப் போதகரின் மனைவிதான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சபையின் ஊழியக்காரியாக வேண்டும். வெள்ளைச் சேலை கட்டித் தோட்டம் தோட்டமாகப் போய், பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்து, அவர்கள் கஷ்டத்தைக் கேட்டு ஜெபம் செய்கிற வேலை அது. 'அடுத்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சபை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குன்னு ஒரு வேலை வச்சிருக்காரு டிரெசர் ஐயா. கூப்பிடுவாரு" என்பாள்.

நான் பதவி உயர்வு வரும்போது மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆசாமி. கேலியாகக் கேட்பேன். "ஏன், இப்ப செய்யுறது வேலை இல்லையா?"

"இது சம்பளத்துக்கு. அது அழைப்பு."

அவளுடைய நிழல் போல ஒருத்தி இருந்தாள். நாகரத்தினம். கொழுந்து எடுப்பவள். புருஷன் பக்கிரிசாமி மலை மேல் கோலா தெர்லாவிலிருந்து கீழே தாப்பாவுக்குக் காய்கறி லோரி ஓட்டினான். ஓட்டாத நேரத்தில் குடித்தான். மூன்று பிள்ளைகள். அடி வாங்கிய கன்னத்தோடு ஒரு சாயங்காலம் வடிவம்மாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவளை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டு, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனது வடிவம்மாள்தான். எழுபத்தைந்தாம் வருஷம் நாகரத்தினம் ஞானஸ்நானம் எடுத்தபோது சாட்சியாகப் பக்கத்தில் நின்றவளும் அவள்தான். "அக்கா, அக்கா" என்று நாகரத்தினம் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சுற்றுவாள். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

எழுபத்தெட்டு ஜூலையில் போதகரின் கடிதம் வந்தது. ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு சபை மூப்பர்களோடு வருவதாகவும், வடிவம்மாளை ஊழியத்துக்கு ஏற்படுத்தப் போவதாகவும் எழுதியிருந்தார். கீழே ஊரில் ஒரு வருஷம் பயிற்சி, பிறகு தங்க வீட்டோடு வேலை. அவள் பிரிஞ்சாங் டவுனுக்கு நடந்தே போய், மெல்லிய நீலக்கரை போட்ட இரண்டு வெள்ளைச் சேலை வாங்கி வந்தாள். லயம் முழுக்கக் காட்டினாள். எனக்கும் காட்டினாள். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு கல்யாணக் களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஈப்போ போனேன். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்த கிராணியிடம் 'வயிறு சரியில்லை, வீட்டில் படுத்திருப்பேன்' என்று சொல்லிவிட்டு மூன்று நாள் மலையை விட்டே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஐந்து பிள்ளைகளுக்குத் தட்டம்மை. கண் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, நாய் குரைப்பது போல இருமல்.

சட்டம் தெளிவானது. தொற்றுநோய் என்றால் அன்றே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும், அவர் சுகாதார இலாகாவுக்குச் சொல்வார். சொன்னால் முதல் கேள்வி, 'என்றைக்கு ஆரம்பித்தது, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?' என்பதுதான். மேனேஜர் புதன்கிழமை தோறும் ஆயாக்கொட்டகையைப் பார்க்க வருவார். அன்று செவ்வாய்.

நான் வடிவம்மாளிடம் போனேன். "ஆயாம்மா, இதுங்களை மத்த பிள்ளைங்களோட வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில நாலு கட்டில்தான், அதுலயும் கூரை ஒழுகுது. ஜெபவீடு சும்மாதானே கிடக்கு?"

நோயாளிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது உண்மை. மேனேஜர் கண்ணில் படாத இடம் வேண்டும் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னேன்.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "பிள்ளைங்களை வேணாம்னா சொல்லப் போறாரு?" என்றாள். ஆயாக்கொட்டகையைத் துணைக்கு இருந்த கிழவியிடம் விட்டுவிட்டு, தன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்குக் குடிபோனாள்.

வந்த தொல்லை அம்மையால் இல்லை, ஆட்களால். 'யாரும் உள்ளே வரக்கூடாது' என்று நான் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு உள்ளே போனார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்காமல் போனார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு, "சும்மா பார்த்துட்டுப் போறோம் லா, காய்ச்சல்தானே" என்று அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று ஒரு படை. நான் கத்தினேன். டிரெசர் கத்துவதைத் தோட்டத்தில் யார் மதித்தார்கள்? ஐந்து ஏழானது, ஏழு எட்டானது. எட்டாவது நாகரத்தினத்தின் கடைக்குட்டிப் பெண்.

அன்று மத்தியானம் நான் ஜன்னலோரம் மருந்து அளந்துகொண்டிருந்தேன். நாகரத்தினம் தன் மகளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, வேப்பிலை கட்டுங்க. ஒருத்தியும் தாண்ட மாட்டா."

வடிவம்மாள் திடுக்கிட்டாள். "ஜெபவீட்டு வாசல்லயா நாகு?"

"இலைதானே அக்கா, அது என்ன சாமியா? இங்க ஆயிரம் அட்டை மாட்டினாலும் நடக்காது. வேப்பிலையைக் கண்டாத்தான் காலு நிக்கும். போதகர் ஐயா கேட்டா நான் சொல்றேன், நான்தான் கட்டச் சொன்னேன்னு. என் பிள்ளை கிடக்குதே அக்கா."

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் எங்கள் சனம் நெருங்காது. சத்தம் போட்டுக் கூப்பிடாது, அந்த வீட்டில் தாளிக்காது, வெளியே போய் வந்தவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்ற பயம். அந்தப் பயத்தின் பலன் என்னவென்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் இந்தக் குளிரில் வேம்பு முளைக்காது. பக்கிரிசாமிதான் தாப்பாவிலிருந்து திரும்பும்போது, காலி முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் இரண்டு கட்டு வேப்பங்கொத்து கொண்டுவந்து கொடுத்தான். வடிவம்மாள் அதை நிலைப்படியில், மரச்சிலுவைக்கு ஒரு முழம் கீழே, கட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து ஒரு காக்கை அண்டவில்லை. சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பத்தடி தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். புதிதாக ஒரு பிள்ளையும் விழவில்லை. தங்கம்மா என்ற ஒரு தாய் மட்டும், தன் மகனுக்காக மஞ்சள் பூசிய செம்பில் தண்ணீர் ஊற்றி, அதிலும் ஒரு கொத்து வைத்து, வாசல்படியோரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இதுவுமா ஆயாம்மா?" என்று கேட்டேன்.

"அவ பிள்ளைக்காக அவ வச்சது. எடுத்து எறிய எனக்குக் கை வரலை."

"ஞாயித்துக்கிழமை உங்க போதகர் வர்றாரே."

"வரட்டும். வந்து பார்த்தா புரிஞ்சுக்குவாரு. படிச்சவரு" என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. போதகரும் மூன்று மூப்பர்களும் குளிருக்குக் கோட்டு போட்டு இறங்கினார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் புதுத்துணியோடு பின்னால் வந்தன. அதில் நாகரத்தினமும் இருந்தாள். நான் பென்சிலின் ஊசித் தட்டோடு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கவாட்டு ஜன்னலருகே நின்றுவிட்டேன். உள்ளே எட்டுப் பிள்ளைகள். அதில் மூன்றுக்குச் சளி நெஞ்சில் இறங்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வடிவம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெள்ளைச் சேலை கட்ட அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை. மூன்று நாளாகக் கட்டியிருந்த பழைய சேலை, தோளில் பிள்ளை கக்கிய பால்.

போதகர் குடையால் நிலைப்படியைக் காட்டினார். "வடிவம்மாள், இது என்ன?"

"தட்டம்மைங்கய்யா. எட்டுப் பிள்ளைங்க உள்ள இருக்கு. வெளி ஆளுங்க வராம இருக்க..."

"நான் நோயைக் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்."

ஒரு மூப்பர் குனிந்து தங்கம்மாவின் செம்பைப் பார்த்தார். "மஞ்சச் செம்பு வேற இருக்கு. இது ஜெபவீடா, மாரியம்மன் கோயிலா?"

"அட்டை எழுதி மாட்டினோம்யா. யாரும் கேக்கலை. இதைக் கண்டாத்தான் நிக்கிறாங்க."

"ஆகவே, கர்த்தருடைய வீட்டில் மாரியம்மாளைக் காவல் வைத்தாய்" என்றார் போதகர். அவர் கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதருக்குக் கோபம் வந்தால் அதைத் தாங்குவது கஷ்டம். "இதைக் கட்டச் சொன்னது யார்?"

வடிவம்மாள் நாகரத்தினத்தைப் பார்த்தாள். சொல்கிறேன் என்று சொன்னவள் அவள். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். எல்லார் முகமும் திரும்பியது.

"நாகரத்தினம், உனக்குத் தெரியுமா?"

நாகரத்தினம் தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். "நான்... வேணாம்னுதான்யா சொன்னேன். அக்கா கேக்கலை."

உள்ளே அவள் மகள் இருமியது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். கூட இருந்தே குழி பறித்தல் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். மண் விழுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

"சரி, ஜெபவீட்டைத் திறந்துவிட யார் உத்தரவு கொடுத்தது?" போதகரின் இரண்டாவது கேள்வி. "தோட்டத்து மேனேஜருக்கு இது தெரியுமா? டிரெசருக்குத் தெரியுமா?"

அப்போது அவள் தலையைத் திருப்பினாள். ஜன்னல் பக்கம் அவள் கண் வந்தது. நான் செய்ய வேண்டியது நாலே அடி நடந்து முன்னால் போய், 'நான்தான் திறக்கச் சொன்னேன் ஐயா, வேப்பிலை கட்டச் சொன்னது யார் என்பதையும் என் காதால் கேட்டேன்' என்று சொல்வது. ஒரு நிமிஷ வேலை. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பின்பக்கமாக. சுவருக்குப் பின்னால்.

"சாவி என்கிட்டதான்யா இருந்துச்சு" என்று அவள் சொன்னது கேட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏற்கெனவே கொதிக்கவைத்த ஊசிகளை மறுபடியும் கொதிக்கவைத்தேன். வேன் போகும் சத்தம் கேட்கும்வரை கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தேன்.

தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார்களாம். ஊழியம் இல்லை. ஆறு மாதம் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் பங்கில்லை. ஜெபவீட்டுச் சாவி இனி நாகரத்தினத்திடம், பிள்ளைகள் எழுந்த பிறகு. ஒரு மூப்பர் குடைக் கொக்கியால் வேப்பங்கொத்தை இழுத்துக் வாசலோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டார். நான் தட்டோடு திரும்பி வந்தபோது, வடிவம்மாள் கானுக்குள் இறங்கி அந்தக் கொத்தை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் நிலைப்படியில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினாள். போனது போயிற்று, பிள்ளைகள் இன்னும் உள்ளே இருக்கின்றன என்ற கணக்கு அது. பிறகு ஊசி போட ஒவ்வொரு பிள்ளையின் காலையும் பிடித்துக்கொண்டாள். நாகரத்தினத்தின் மகள் காலையும்தான்.

எட்டும் பிழைத்தது. ஒன்றுகூடப் போகவில்லை. மேனேஜருக்கு விஷயம் கடைசிவரை தெரியாது.

இரண்டு மாதம் கழித்து நாகரத்தினத்துக்குக் கடிதம் வந்தது. சபைக்கு ஊழியக்காரி வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்தவள், சாட்சி நல்ல சாட்சி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் கீழே ஊரில் பள்ளிக்கூடம், தங்க வீடு, பக்கிரிசாமியின் அடியிலிருந்து விடுதலை. அவள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. அந்த நியாயத்தை யார் முதுகில் ஏறி எட்டிப் பறித்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இதைச் சொல்ல நான் யார் என்றும் தெரியும்.

லோரியில் சாமான் ஏற்றிவிட்டு, சொல்லிக்கொண்டு போக ஆயாக்கொட்டகைக்கு வந்தாள். "அக்கா" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். கதவு சாத்தியிருந்தது. பதினாறு வருஷத்தில் அந்தக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு வடிவம்மாள் பாடுவதை நிறுத்தினாள். முன்பெல்லாம் தொட்டிலுக்குத் தொட்டில் ஒரு ஞானப்பாட்டு இருக்கும். இப்போது ஸ்பிரிங்கின் கிரீச் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவாள். என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். "எனக்குன்னு ஒரு வேலை" என்று மறுபடி சொல்லிக் கேட்டதில்லை. கேலி பேச எனக்கும் வாய் வரவில்லை.

எண்பத்தொன்றில் ஒருநாள் பிள்ளைகளுக்கு எடை பார்க்கப் போனேன். தொட்டில் சாரோங்குகள் இற்றுப் போயிருந்தன. ஆபீசில் கேட்டு மாதக்கணக்காயிற்று. வடிவம்மாள் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை.

"என்ன ஆயாம்மா இது?"

"ரெண்டு சேலைக்கு ஆறு தொட்டில் வரும்."

"இதைப் போய்..."

"பெட்டியில வச்சா பூச்சிதான் கட்டிக்கும். பிள்ளைங்க படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறி அளந்தாள். அன்று சாயங்காலம் நான் அந்த வழியாகப் போனபோது உள்ளே பாட்டுக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள் என்று சொன்னால் பொய்யாகும். வேலை அதே வேலை. ஆனால் பால் கொடுத்து முடித்ததும் ஒவ்வொரு தொட்டிலாகப் போய், பிள்ளையின் பெயர் சொல்லி, வாய்க்குள் ஒரு ஜெபம் செய்வாள். ஒருநாள் தங்கம்மா அதைக் கண்டு, "என்ன முணுமுணுக்கிறீங்க ஆயாம்மா, சத்தமாச் சொல்லுங்க லா, என் பையன் பேரு வருதான்னு பார்க்கிறேன்" என்றாள். அதிலிருந்து சத்தமாகச் சொன்னாள். வேலை முடிந்து வருகிற தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். புருஷன் அடித்தது, மாமியார் ஏசியது, நாள் தள்ளிப் போனது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒருத்தியும் மதம் மாறவில்லை. அவளும் மாறச் சொல்லவில்லை.

எண்பத்து நான்கில் நாகரத்தினம் வந்தாள். சபை வேன், வெள்ளைச் சேலை, கையில் தோல் பை. தோட்டப் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடத்த வந்தவள், ஆயாக்கொட்டகை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். ஆறு வெள்ளைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கட்டியிருந்ததும் அதே மாதிரி நீலக்கரை. கிட்டப் போய் ஒரு தொட்டிலின் கரையைத் தொட்டாள்.

"அக்கா..."

"உக்காரு நாகு. கடைசித் தொட்டிலு அழும், அதை ஆட்டிக்கிட்டே பேசு."

நாகரத்தினம் தொட்டிலை ஆட்டினாள். பேசவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அரைமணி நேரம் ஆட்டினாள். பிறகு எழுந்து போய், கூட்டத்தில் உண்மையைப் பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் பேசினாளாம். நடந்த உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. சாத்தான் வேதம் ஓதுகிறது என்று நான் முணுமுணுத்தேன்.

"அவளை மன்னிச்சிட்டீங்களா?" என்று வடிவம்மாளிடம் கேட்டேன்.

"தினம் காலையில மன்னிக்கிறேன் டிரெசர் ஐயா. சாயந்திரம் திரும்பி வந்துடுது. மறுநாளு மறுபடி மன்னிக்கணும்" என்றாள்.

எண்பத்தாறு டிசம்பரில் நான் ஓய்வு பெற்றேன். ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போக லோரி ஏற்பாடாகிவிட்டது. ஆபீசில் மாலை போட்டு, 'கடமை தவறாத டிரெசர்' என்று பேசினார்கள். அந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நேராக ஆயாக்கொட்டகைக்குப் போனேன். மத்தியானம். பிள்ளைகள் உறங்கும் நேரம். வடிவம்மாள் பால் புட்டிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"ஆயாம்மா, எழுபத்தெட்டுல, அந்த ஞாயித்துக்கிழமை..."

"ஜன்னல் பக்கம் நின்னீங்க" என்றாள், புட்டியைத் துடைத்தபடி. "கையில ஊசித் தட்டு இருந்துச்சு."

"பார்த்தீங்களா?"

"நீங்க பின்னால போனதையும் பார்த்தேன்."

"நான் ஈப்போ போயிருந்தேன். லீவு எழுதலை. அதை மறைக்கத்தான் ஜெபவீட்டைக் கேட்டேன்."

"நீங்க ஈப்போ போனது தோட்டத்துக்கே தெரியும். மேனேஜருக்கு மட்டும்தான் தெரியாது."

பிள்ளைகள் உட்காரும் சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சும் ஏன் என் பேரைச் சொல்லலை? டிரெசர்தான் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதிப் பழி போயிருக்குமே."

அவள் புட்டியைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா போதகர் ஐயா நேரா மேனேஜர்கிட்ட போயிருப்பாரு. அன்னைக்கே உங்களை மலைய விட்டு இறக்கியிருப்பாங்க. மூணு பிள்ளைங்க மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. ஊசி யாரு போடுறது?"

அவள் அடுத்த புட்டியைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதான் கையில நிக்கும்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுபோச்சு. இந்தப் பிள்ளைங்களா, அந்தச் சேலையா. என்னைய எதுக்குக் கூப்பிட்டாருன்னு அப்பவே விளங்கிடுச்சு. அதை ஒத்துக்கத்தான் மூணு வருசம் ஆச்சு." அவள் பார்வை வெள்ளைத் தொட்டில்களின் மேல் போய் வந்தது. "இப்ப எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்த வேலைக்கு வந்தேனோ அந்த வேலையிலதான் இருக்கேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதல்தடவையாக.

"ஆனா, பிள்ளைங்க எந்திரிச்சதும் நீங்களாப் போய்ச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நாகுவுக்கு மூணு பிள்ளை, குடிகாரப் புருசன், அவ பயந்தா. உங்களுக்கு என்ன பயம்? அவகிட்ட நான் அப்புறம் எதிர்பார்க்கலை. உங்ககிட்ட எதிர்பார்த்தேன். ஒவ்வொரு மாசமும் போதகர் வர்றப்ப, இந்தத் தடவை டிரெசர் ஐயா போவாரு, இந்தத் தடவை போவாருன்னு பார்த்தேன். எட்டு வருசம் பார்த்தேன்."

நான் எழுந்தேன். "இப்பவே போறேன் ஆயாம்மா. கீழ போய்ப் போதகரைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிடுறேன். நாகரத்தினத்தையும் வச்சுக்கிட்டே சொல்றேன். உங்களுக்குச் சேர வேண்டியதை..." என் குரல் உயர்ந்துவிட்டது.

வடிவம்மாள் அசைந்த ஒரு தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "பிள்ளைங்க தூங்குது."